காகிதத்தில் தூங்கிய பெயர்

லிக் முர்னியிடம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் முதலில் பெண், மாப்பிள்ளை இருவருடைய அடையாள அட்டையையும் எடுத்து மேஜைமேல் வைக்க வேண்டும். வைக்கும்வரை அவள் கணினிப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். "என் பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா" என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போய், அட்டையோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்குப் பிறந்தபோது ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர், கல்யாணமானதும் இன்னொரு பெயர். ஒருமுறை ஒரு தாய், மகளை வீட்டில் செல்லமாகக் கூப்பிடுகிற பெயரையே கொடுத்துவிட்டாள். லிக்கும் அப்படியே அடித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "நாங்க கேட்டது மெலிஞ்ச பொண்ணை, இது யாரு குண்டம்மா" என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அன்றிலிருந்து அட்டை.

லிக் என்பது அப்பாவின் தங்கையை நாங்கள் கூப்பிடுகிற முறை. வெலெரி எங்கள் ஊர்; அதன் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. முன்னறை முழுக்க அவளுடைய கடை. ஒரு கணினி, இரண்டு அச்சு இயந்திரங்கள், கை வைத்தால் கையோடு போகும் ஒரு காகிதம் வெட்டும் கத்தி. பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்ட பிறகு, மடிப்பதும் பசை தடவுவதும் ரிப்பன் கட்டுவதும் என் வேலை. மிச்ச நேரத்தில் மிச்சக் காகிதத்தில் என் சொந்தத் தொழில். தெருத் தலைவரின் சண்டைச் சேவலுக்கும் பக்கத்து வீட்டுக் கோழிக்கும் கல்யாணம் என்று பத்திரிகை அடித்து, சேவலின் பெயருக்குப் பின்னால் பட்டமும் போட்டு வீடு வீடாகப் போட்டேன். இரண்டு பேர் மொய்க் கவரோடு வந்துவிட்டார்கள். லிக் என் காதைத் திருகினாள். திருகிக்கொண்டே, "கோழியோட அப்பா பேரை விட்டுட்டியேடி விஜி" என்றாள்.

அவளோடு படித்த பெண்களுக்கெல்லாம் அவள்தான் பத்திரிகை அடித்தாள். இப்போது அந்தப் பெண்களின் பெண்களுக்கு அடிக்கிறாள். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு பேர் பிற்பாடு வேறு பெண்ணோடு அவளிடமே பத்திரிகைக்கு வந்தார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துக் கொடுத்தாள். ஒருத்தன் மட்டும், "பழகினவனுக்கு ரிப்பன் சும்மா கட்டித் தரமாட்டியா முர்னி" என்று கேட்டான். கட்டிக் கொடுத்தாள். அவன் போனதும் நான் அவன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்த்து ஒரு பிரதி அடித்தேன். லிக் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "அந்த வார்த்தையோட விளையாடாதே" என்றாள்.

ஸ்லாமெட் காகிதக் கிடங்கின் வண்டியை ஓட்டுகிறவர். ஸெமாராங்கிலிருந்து வாரம் ஒரு தடவை கட்டுகளை இறக்கிவிட்டு, ஒரு டீயைக் குடித்து முடிக்க மதியம் முழுக்க எடுத்துக்கொள்வார். காகிதத்தின் கனத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசுவார். இப்படியே எட்டு வருஷம். நான் அவருடைய டீயில் உப்பைப் போட்டுப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்று சொல்லிக் குடித்துவிட்டார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று நான் கைவிட்ட வாரத்தில்தான் அவர் லிக்கிடம் சொன்னார்.

"எனக்கு ஒரு பத்திரிகை அடிக்கணும்."

லிக் மௌஸிலிருந்து கையை எடுக்கவில்லை. "பொண்ணு அட்டை எங்க?"

"அது உன்கிட்டதான் இருக்கு."

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எழுந்து பின்கட்டுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அப்ப உங்க அட்டையைக் குடுங்க" என்றாள்.

அந்த அட்டையில் ஸ்லாமெட் என்ற பெயரே இல்லை. அதில் இருந்த பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். உலகம், வெற்றி, அரசன் என்று மூன்று சேதியும் அதில் வரும் என்பது மட்டும் போதும். அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர் தன் பிள்ளைக்கு வைத்த பெயர் அது.

"இது யாரு?" என்றாள் லிக்.

"நான்தான். காகிதத்துல மட்டும்."

"இப்படிப் பேரை வெச்சுக்கிட்டா ஸ்லாமெட்னு திரியறீங்க? சந்தையில ஸ்லாமெட்னு கூப்பிட்டா பத்து பேரு திரும்பறான்."

"திரும்பட்டும். கூட்டத்தோட ஒளிஞ்சுக்கலாம்."

"வீட்ல இந்தப் பேரைச் சொல்றதில்லையா?"

"யாரும் சொல்றதில்லை. சின்னதுல உடம்பு சரியில்லாமப் போச்சாம். அப்ப மாத்தினது. அம்மா அதைப் பத்திப் பேசமாட்டாங்க."

பிள்ளைக்கு நோய் வந்தால் பெயர் கனம் தாங்கவில்லை என்று மாற்றுவது எங்கள் ஊரில் புதிதல்ல. நலம் என்று அர்த்தம் வருகிற ஸ்லாமெட் தெருவுக்கு ஒருத்தர் இருப்பது அதனால்தான். ஆனால் லிக் அன்று அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஊரில் உள்ள பெரிய பெயர்களையெல்லாம் தங்கத்தாள் ஒட்டி அழகு பார்த்தவள். தன் பெயருக்குப் பக்கத்திலும் அப்படி ஒன்று வரப்போகிறது என்பதுதான் அவள் முகத்தில் தெரிந்தது. ஸ்லாமெட் அந்த முகத்தைப் பார்த்தார். "போட்டுக்க" என்றார்.

அந்தப் பத்திரிகைக்கு அவள் பட்ட பாடு வேறு எதற்கும் பட்டதில்லை. யானைத் தந்த நிறத்தில் கெட்டித் தாள். பூ வேண்டாம், போட்டோ வேண்டாம், இரண்டு பறவை எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற அந்தப் படம் வேண்டவே வேண்டாம். பெண்ணின் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் 'காலஞ்சென்ற' என்பதை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மாப்பிள்ளையின் தகப்பன் பெயருக்கும் அதே. கடைசியில் இரண்டு பெயருக்கும் தங்கத்தாள் ஒட்டினோம். அவள் பெயர் ஒரு விரல் நீளம். அவர் பெயர் பத்திரிகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. ஸ்லாமெட் என்று அடைப்புக்குறிக்குள் போடலாமா என்று கேட்டேன். "அழகு கெட்டுடும்" என்றாள்.

தூரத்து ஊர்களுக்கு முதலில் அனுப்பினோம். பிறகு சந்தைக்கு, தெருவுக்கு. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் கையால் கொடுக்க வேண்டும் என்று நானும் லிக்கும் பேருந்து பிடித்துப் போனோம்.

பு வாகியெம் என்கிற அந்த அம்மாள் ஊர்க் கடைசியில் இருந்தார். பு என்றால் எங்கள் பேச்சில் அம்மா. வீட்டுக்குப் பின்னால் வாழைக் கொல்லை, அதற்கும் பின்னால் மூங்கில். எங்களுக்கு டீ வைத்தார், வறுத்த மரவள்ளி வைத்தார், மருமகளாக வரப்போகிறவளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பத்திரிகையைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். முர்னி என்பதைப் படித்துச் சிரித்தார். அடுத்த வரிக்குப் போனதும் அவர் உதடு நின்றுவிட்டது.

பத்திரிகையை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்தார். பறந்துவிடக்கூடாது என்பதுபோல அதன்மேல் டீத் தம்ளரை வைத்தார்.

"இது எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

"பாதிக்கு மேல போயாச்சு பு. ஏன், அச்சுல தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல. சரியாத்தான் போட்டிருக்க." அவர் கொல்லைப் பக்கம் பார்த்தார். "அவனுக்கு நாலு வயசுல ஜன்னி வந்துச்சு. கண்ணு மேல சொருகிக்கிச்சு. பேரு கனம், இறக்கி வெச்சுடுங்கன்னாங்க. ஒரு வாழைத் தண்டை வெட்டி, அவன் சட்டையைப் போட்டு, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம். மூணு தடவை. கூப்பிட்டு, அதோ அங்க, மூங்கில் ஓரத்துல புதைச்சோம். மறுநாள் பையன் எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சான். அன்னிலேர்ந்து அவன் ஸ்லாமெட்."

"நல்லதாப் போச்சுல்ல பு" என்றாள் லிக்.

"நல்லதுதான். அன்னிலேர்ந்து எனக்கு ரெண்டு புள்ள. ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழ."

நான் வாயிலிருந்த மரவள்ளியை மெல்லுவதை நிறுத்தினேன்.

"ஆனா அட்டையில அந்தப் பேருதானே பு இத்தனை நாளா இருக்கு?" என்றாள் லிக்.

"அட்டையில இருந்தா என்ன. காகிதத்துல தூங்கிட்டு இருந்துச்சு. இது வெறும் காகிதமா? அழைப்பிதழும்மா. நீ அழைச்சுட்ட. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் பொண்ணுன்னு சொல்லி, தங்கத்துல எழுதி அழைச்சிருக்க. கீழ இருக்கிறவனுக்குக் கல்யாணம் வெச்சிருக்க நீ."

திரும்பும்போது லிக் பேருந்தின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் பேசினேன். "வாழைத் தண்டுக்கெல்லாம் பயந்தா எப்படி லிக், வந்தா பொரியல் பண்ணிடலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அது அவ்வளவு நன்றாக இல்லை என்று தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, ரயில்வே கேட்டில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா என்னை மறித்தாள்.

"உங்க மாப்பிள்ளை நேத்து வந்தாருடி. இங்கதான் உக்காந்திருந்தாரு."

"நேத்து அவரு ஸெமாராங்ல."

"என் கண்ணு பொட்டையா? ஸ்லாமெட்தானேன்னு கேட்டேன். இல்லேன்னுட்டு நீளமா ஒரு பேரு சொன்னாரு. டீ போட்டுக் குடுத்தேன், குடிக்கல. சூடு போற வரைக்கும் பாத்துட்டே இருந்தாரு. முர்னி வீடு எந்தச் சந்துன்னு கேக்கறாரு. ஏன்டி, எட்டு வருஷமா வர்ற மனுஷனுக்கு வழி தெரியாதா?"

"தமாஷ் பண்ணியிருப்பாரு."

"அவரா? அப்பறம் உங்க சந்துல தண்ணி நிக்குதா என்ன? முழங்கால் வரைக்கும் ஈர மண்ணு."

வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்த மாதம் அது.

விளையாட்டு எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும். எந்த விளையாட்டிலும் யாரோ ஒருவர் ஒளிந்து நின்று சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டிருப்பார். சந்தில், கேட்டில், பெட்டிக்கடையில் எல்லாம் தேடிப் பார்த்தேன். யாரும் சிரிக்கக் காத்திருக்கவில்லை.

அடுத்த நாள் உச்சி வெயில். தெருவில் நாய்கூட இல்லை. லிக் குனிந்து தாள் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு ஆண் குரல், "உள்ள வரலாங்களா" என்றது. நிதானமான, மரியாதையான குரல்.

"வாங்க" என்றாள் லிக், தலை நிமிராமல். வாடிக்கையாளருக்குச் சொல்கிற வழக்கம்.

யாரும் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். வாசல் மிதியடியில் ஈர மண், இரண்டு பாதம் அளவுக்கு. வெளியே நோக்கி அல்ல, உள்ளே நோக்கி. நான் திரும்பி அறையைப் பார்த்தேன். லிக்கும் பார்த்தாள். அனுப்பாமல் மிச்சம் வைத்திருந்த பத்திரிகைக் கட்டு மேஜைமேல் அவிழ்ந்து கிடந்தது. நாங்கள் அவிழ்க்கவில்லை. மேலே இருந்த பத்திரிகையில் பழுப்பாக ஒரு கறை. வாழைக் கறை எப்படியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். துணியில் பட்டால் துணி கிழிகிறவரை போகாது.

"நான் வாங்கன்னு சொல்லிட்டேன்டி" என்றாள் லிக்.

அன்று சாயங்காலமே ஸ்லாமெட் காய்ச்சலில் விழுந்த சேதி வந்தது. அவர் அம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மூட்டை மூட்டையாகக் காகிதம் தூக்குகிறவர், போர்வைக்கடியில் இருக்கிறாரா என்றே தெரியாத அளவுக்கு ஒடுங்கிப் படுத்திருந்தார். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல இருந்தது.

"கொல்லையில யாரோ அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க முர்னி."

"நீங்க பதில் சொல்லாதீங்க."

"நான் எங்க சொல்றேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வேற யாரோ 'ம்'னு சொல்லிடறாங்க."

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

லிக் உடனே ஸ்லாமெட் என்ற பெயரில் புதுப் பத்திரிகை அடித்தாள். தங்கத்தாள் இல்லை, சாதாரணக் கறுப்பு. பிறகு நானும் அவளும் வீடு வீடாகப் போய்ப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம். பத்திரிகை கொடுத்துப் பழகினவள், திருப்பிக் கேட்டுப் பழகாதவள். ஒவ்வொரு வாசலிலும் அவள் காது சிவந்தது.

"என்ன முர்னி, மாப்பிள்ளையை மாத்திட்டியா?" என்றாள் ஒருத்தி.

"அதே மாப்பிள்ளைதான். பேருதான் தப்பு."

"நீயா? பேரைத் தப்பா அடிச்சியா? சேதி புதுசா இருக்கே."

நான், "மாப்பிள்ளை சுருங்கிட்டாரு, அதான் பேரையும் சுருக்கிட்டோம்" என்றேன். பேச்சை என் பக்கம் திருப்பினால் லிக் கொஞ்சம் மூச்சு விடுவாள். கல்யாணம் நின்றுபோகும் என்று தெருவில் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். முப்பத்தெட்டு வயதில் நின்றுபோகிற கல்யாணம் மறுபடி நடக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளைப் பார்க்கிற விதத்தில் சொன்னார்கள்.

திரும்பி வந்த பத்திரிகைகளை எரிப்பதற்காக மேஜையில் குவித்தோம். அப்போதுதான் கவனித்தேன். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பெயரின் தங்கம் தேய்ந்திருந்தது. முர்னி என்ற பெயர் புதுசு போலவே மின்னியது. பக்கத்துப் பெயர் மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒரே அகலத்தில், ஒரு விரல் அகலத்தில் தேய்ந்திருந்தது. தூரத்து ஊரிலிருந்து தபாலில் திரும்பி வந்ததும் அப்படியே. எனக்கு அது என்ன என்று சட்டென்று புரிந்தது. வகுப்பில் கடைசி ஆளாக எழுத்துக்கூட்டியவள் நான். படிக்கத் தெரியாதவர்கள்தான் அப்படி எழுத்தின்மேல் விரலை வைத்து நகர்த்துவார்கள். நாலு வயதில் புதைத்ததைப் பள்ளிக்கூடத்துக்கு யார் அனுப்பியிருப்பார்கள்?

லிக்கிடம் சொன்னேன். அவள் ஒரு பத்திரிகையை எடுத்து அந்தத் தேய்மானத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பயத்துக்குப் பதிலாக அவள் முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"தன் பேருதான்னு கண்டுபிடிச்சிருக்கான்" என்றாள்.

எரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய முட்டுக்கட்டை வந்தது. கல்யாணப் பதிவாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பத்திரிகையில நீங்க எந்தப் பேரை வேணும்னாலும் போட்டுக்கங்க. நிக்காஹ்ல அட்டையில இருக்கிற பேரைத்தான் சொல்லணும். இல்லேன்னா பதிவு செல்லாது. மாத்தணும்னா கோர்ட்டுக்குப் போங்க, மாசக் கணக்காகும்."

அதாவது அந்தப் பெயரை ஒருவர் சாட்சிகள் முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும். லிக்கின் தகப்பனார் இல்லாததால் சொல்ல வேண்டியவர் அண்ணன், என் அப்பா. அவர் கரப்பான்பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுகிறவர். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது பெயர் வருகிற இடத்தில் இருமினார். மறுபடி சொல்லச் சொன்னால் மறுபடி இருமினார்.

"நாக்கு மேல ஒட்டிக்குதும்மா முர்னி. நான் அந்தப் பேரைச் சொல்லிக் கையைப் பிடிச்சிருக்கறப்ப, ஏத்துக்கிட்டேன்னு சொல்றது யாரா இருக்கும்?"

பு வாகியெம் ஆள் விட்டார், கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று. "எம்புள்ள கிடைச்சா போதும். உனக்கு நல்ல இடமா நானே பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார். என் அம்மாவும் நிறுத்திவிடலாம் என்றாள். எல்லாரும் லிக்கையே பார்த்தார்கள்.

"நிறுத்தினா ஸ்லாமெட் எந்திரிச்சுடுவாரா?" என்று கேட்டாள் லிக். "அழைச்சது நான். அழைச்சுட்டு விருந்தை நிறுத்தினா, வந்தவன் எங்க போவான்? நம்ம வாசல்லயே நிப்பான். இல்லேன்னா அவர் தலைமாட்டுல நிப்பான்."

அன்று மதியம் அவள் ஒரே ஒரு பத்திரிகை அடித்தாள். அதே யானைத் தந்த நிறத் தாள். மணமக்கள் இடத்தில் முர்னி, ஸ்லாமெட். விருந்தாளி பெயர் எழுதுகிற சீட்டில் அந்த நீளமான பெயரை அடித்து, அதற்கு மட்டும் தங்கத்தாள் ஒட்டினாள். கீழே முகவரி இடத்தில், எல்லாப் பத்திரிகையிலும் நாங்கள் போடுகிற வரிதான்: 'அவர் இருக்கும் இடத்தில்'. ஊரில் யாருக்கும் கதவு எண் தெரியாததால் போடுகிற வரி. அதை இவ்வளவு பொருத்தமாக நான் பார்த்ததில்லை.

நல்ல வெளிச்சத்திலேயே பு வாகியெம் வீட்டுக் கொல்லைக்குப் போனோம். இறந்துபோன பெரியவர்களைக் கல்லறையில் போய்க் கல்யாணத்துக்கு அழைக்கிற எங்கள் வழக்கம்போல லிக் நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். பூ, டீ, பத்திரிகை. மூங்கில் ஓரத்தில் தரை லேசாக மேடாக இருந்தது. அதைச் சுற்றி மட்டும் வாழை வளரவில்லை. பு வாகியெம் கொஞ்சம் தள்ளி, தோள் துணியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார்.

லிக் மண்ணில் மண்டியிட்டாள். வயதில் மூத்தவர்களிடம் பேசுகிற மரியாதைப் பேச்சில் பேசினாள்.

"நான் முர்னிங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்களை மாப்பிள்ளையா அழைச்சுட்டேன். நீங்க விருந்தாளியா வரணும். அவருக்கு அண்ணனோ தம்பியோ, எப்படி வெச்சுக்கறீங்களோ அப்படி."

பிறகு பத்திரிகையைத் திறந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் விரலை நகர்த்தி, மெதுவாக வாசித்துக் காட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளருக்குப் படித்துக் காட்டுவாளே, அப்படியே. யாரோ தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பதற்கு வசதியாகப் பத்திரிகையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"இன்னொண்ணுங்க. அந்தப் பேரு உங்களோடதுதான். சபையில ஒரு தடவை சொல்லவேண்டியிருக்கு. ஒரு மூச்சு நேரம் அவருக்கு இரவல் குடுங்க. அப்பறம் அதை யாரும் தொடமாட்டோம்."

ஒன்றும் நடக்கவில்லை. இலை ஆடவில்லை, காகம் கத்தவில்லை. வியர்த்தது. பத்திரிகையை மேட்டில் வைத்துவிட்டு எழுந்தோம். லிக்கின் விரல் நுனி பழுப்பாகிவிட்டிருந்தது. அவள் வாழையைத் தொடவே இல்லை.

கல்யாண நாள் ஸ்லாமெட்டை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. லிக் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்கு நேர் பின்னால், அவருடைய பக்கவாட்டு முகம் தெரிகிற இடத்தில். பதிவாளர் ஒலிபெருக்கியைத் தட்டினார். அப்பா ஸ்லாமெட்டின் கையைப் பிடித்தார். அந்தக் கை கொதிக்கிறது என்பது அப்பாவின் புருவத்திலேயே தெரிந்தது.

இருமவில்லை அப்பா. கண்ணை மூடிக்கொண்டு, தங்கைக்காக, அந்தப் பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சொல்லி, "முர்னியை உமக்கு மணமுடித்துக் கொடுத்தேன்" என்றார்.

"ஏற்றுக்கொண்டேன்."

தெளிவான குரல். நிதானமான, மரியாதையான குரல். சாட்சிகள், "செல்லும், செல்லும்" என்றார்கள். கூட்டம் துஆ பிரார்த்தனைக்குக் கை ஏந்தியது.

ஸ்லாமெட்டின் உதடு அதற்குப் பிறகுதான் பிரிந்தது. சொல்லப்போன வார்த்தை வாயிலேயே நிற்க, அவர் அப்பாவைப் பார்த்தார், பிறகு லிக்கைப் பார்த்தார். அவர் நெற்றியில் குபுகுபுவென்று வியர்த்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்குகிற வியர்வை.

லிக் லேசாகப் பின்னால் சாய்ந்தாள். "விஜி. அவரு வாய் அசைஞ்சதைப் பாத்தியா?"

என் வாழ்க்கையில் ஊரையே நம்பவைத்திருக்கிறேன். அந்த ஒரு பொய்யைத்தான் குனிந்துகொண்டு சொன்னேன்.

"பாத்தேன் லிக். நல்லா கத்தித்தான் சொன்னாரு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ம். நானும் பாத்தேன்" என்றாள்.

துஆ முடிந்ததும், அவரிடம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஸ்லாமெட்" என்று கூப்பிட்டாள். அவர், "ம்" என்றார். அவரேதான். பக்கத்து வீட்டிலிருந்து அல்ல, அவர் வாயிலிருந்தே வந்த குரல். யாரும் தாங்காமலே எழுந்து நின்று, "பசிக்குது முர்னி" என்றார். கூட்டம் சிரித்தது.

மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டுகிற சடங்குக்கு மஞ்சள் சோறு வந்தது. மூன்று கவளம் ஊட்ட வேண்டும். முதல் கவளம் ஊட்டினாள், சாப்பிட்டார். இரண்டாவது ஊட்டினாள், சாப்பிட்டார். மூன்றாவதை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதைத் தட்டோரத்து வாழையிலைத் துண்டில் வைத்து, பாயின் ஓரத்தில், தன் இடது பக்கம் காலியாக இருந்த இடத்துக்கு நகர்த்தினாள். புகைப்படக்காரன், "அண்ணி, இந்தப் பக்கம் ஊட்டுங்க, அங்க யாருமில்ல" என்றான். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்லாமெட்டும் அதைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

பு வாகியெம் எழுந்து வந்தார். அந்த இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எட்டாத பிள்ளைக்குத் தள்ளி வைப்பதுபோல, அதை இன்னும் ஒரு சாண் நகர்த்தினார். பிறகு இத்தனை வருஷமாகச் சொல்லாத அந்தப் பெயரைச் சொன்னார். கூப்பிடுகிற மாதிரி அல்ல. சாப்பிடச் சொல்கிற மாதிரி.